பைத்தான் மாற்றியதும் பழைய பில் புரோகிராம் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தமிழ்நாடு-கேரள எல்லையில் கம்பம், கூடலூர், குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்க் கடைகள் பலவற்றில், பெரிய கணக்கு சாஃப்ட்வேருக்குத் துணையாக, பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு சின்னப் புரோகிராமும் ஓடிக்கொண்டிருக்கும். தோட்டக்காரர் பெயர், கிலோ, ரகம், விலை எல்லாவற்றையும் எக்செல்லிலிருந்து எடுத்து பில் அடித்துக் கொடுக்கும். படிப்பை முடித்த கையோடு யாரோ ஒரு தம்பி எழுதிக் கொடுத்திருப்பார். இப்போது அவர் கொச்சியிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார். பழைய கம்ப்யூட்டர் ஓடும் வரை பிரச்சினை இல்லை. புது மெஷின் வாங்கி, புதுப் பைத்தான் ஏற்றியதும் தொடங்குகிறது.

“பைத்தானே மாறிப்போச்சு, எல்லாத்தையும் புதுசா எழுதணும்” என்று யாராவது சொன்னால் உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இதே கோளாறோடு வந்த மெஷின்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் சொல்கிறேன்: பெரும்பாலும் மாற்ற வேண்டியது சில வரிகள்தான். பல நேரம் மொழி மாறியதால் வந்த கோளாறே அல்ல, மேலே ஏற்றிய லைப்ரரி (மற்றவர்கள் எழுதிவைத்த துணைத் தொகுப்பு) மாறியதால் வந்தது. உண்மையில் பயப்பட வேண்டியது எரர் காட்டி நிற்கிற புரோகிராமுக்கு அல்ல. எரர் எதுவும் காட்டாமல் தொகையை மாற்றிப் போடுகிறதே, அதற்குத்தான். அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

## கை வைப்பதற்கு முன்

பழைய கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடவும் வேண்டாம். அதில் எந்த வெர்ஷன் பைத்தான் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே மெஷினின் கமாண்ட் திரையில் ‘பிப் ஃப்ரீஸ்’ என்று கொடுத்தால் (‘பிப்’ என்பது லைப்ரரி ஏற்றும் கருவி) எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று பட்டியல் வரும். அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்து, புரோகிராம் இருக்கும் ஃபோல்டரோடு சேர்த்து பென்டிரைவில் எடுத்துவையுங்கள். பாதி வேலை இந்தப் பட்டியலிலேயே முடிந்துவிடும்.

காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் மெஷினை மாற்ற வேண்டாம். போடியிலும் புற்றடியிலும் ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது பில் நின்றால், அவசரத்தில் செய்யும் வேலை எல்லாமே தப்பாகத்தான் போகும்.

## அறிகுறி 1: திறந்த உடனே ‘சின்டாக்ஸ் எரர்’

### முதலில்: எந்தப் பைத்தான் ஓடுகிறது?

ஒரே மெஷினில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சாதாரணம். விண்டோஸ் கமாண்ட் திரையில் ‘பை’ என்று தட்டி, இடைவெளி விட்டு, ஹைபன், பூஜ்யம், பி என்று கொடுங்கள். இருக்கிற வெர்ஷன்கள் எல்லாம் அவை இருக்கும் இடத்தோடு வரும். நட்சத்திரக் குறி போட்டது இயல்பாக ஓடுவது. பழைய வெர்ஷனும் பட்டியலில் இருக்கிறதென்றால் ‘பை’, ஹைபன், அந்த வெர்ஷன் எண், ஃபைல் பெயர் என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் சரி, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை அதற்கு மாற்றிவிடலாம். கோடில், அதாவது புரோகிராமில் எழுதியிருக்கும் வரிகளில், கை வைக்கத் தேவையில்லை.

### எரர் காட்டும் வரியில் பிரின்ட் இருந்தால்

பிரின்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2-க்கு எழுதிய கோடு. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது, கடைசியாக 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. அடைப்புக்குறி போட்டுவிட்டால் எரர் போய்விடும். ஆனால் வேலை அங்கே முடியாது. பைத்தான் 2 கோடு என்று தெரிந்த உடனே அறிகுறி 4-க்குப் போய், அங்கே சொன்ன எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் பில் அடிக்க வேண்டும்.

### எரர் காட்டும் வரியில் ‘அசிங்க்’ என்ற பெயர் இருந்தால்

3.7-இலிருந்து அசிங்க், அவெய்ட் இரண்டும் மொழிக்கே ஒதுக்கிய சொற்கள். மாறிக்கோ ஃபங்ஷனுக்கோ அந்தப் பெயர் வைத்திருந்தால் வேறு பெயர் கொடுங்கள். எரர் உங்கள் ஃபைலில் இல்லாமல் ஏதாவது லைப்ரரிக்குள் காட்டினால், அந்த லைப்ரரி பழையது; அதன் புது வெர்ஷனை ஏற்றினால் போதும்.

## அறிகுறி 2: ‘நோ மாட்யூல் நேம்ட்’ என்று நிற்கிறது

எரரின் கடைசியில் வருகிற பெயரைப் பாருங்கள்.

### பாண்டாஸ், ஓபன்பைஎக்செல் மாதிரி வெளி லைப்ரரி என்றால்

பெரும்பாலும் அது வேறொரு பைத்தானுக்குள் ஏறியிருக்கும். ‘பிப்’ என்று மட்டும் தட்டி ஏற்றாமல், புரோகிராம் ஓடுகிற அதே பைத்தானைக் கூப்பிட்டு, ஹைபன் எம் பிப் என்று கொடுத்து ஏற்றுங்கள். பழைய மெஷினின் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரை (ஒரு புரோகிராமுக்கென்று தனியாக லைப்ரரிகளை ஏற்றிவைக்கும் இடம்) அப்படியே காப்பி செய்து கொண்டுவருவது வேண்டாம். அதற்குள் பழைய மெஷினின் முழுப் பாதையும் எழுதியிருக்கும். புது மெஷினில் ஓடாது. புதிதாக ஒன்று உருவாக்கி, எடுத்துவைத்த பட்டியலிலிருந்து ஏற்றுவதே சரி.

### பைத்தானோடேயே வந்துகொண்டிருந்தது என்றால்

இங்கேதான் மொழி உண்மையிலேயே மாறியிருக்கிறது. 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப், அசிங்கோர் போன்றவை நீக்கப்பட்டன. 3.13-இல் சிஜிஐ, கிரிப்ட், டெல்நெட்லிப் உட்பட ஒரு பெரிய தொகுதியே போய்விட்டது.

டிஸ்ட்யூட்டில்ஸ் கேட்டால் செட்டப்டூல்ஸ் லைப்ரரியை ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். இம்ப் இருந்த இடத்தில் இம்போர்ட்லிப் வர வேண்டும். சில வரிகள் மாற்ற வேண்டியிருக்கும். சிஜிஐ-க்கு ‘லெகசி சிஜிஐ’ என்ற பெயரில் வெளியே ஒரு லைப்ரரி கிடைக்கிறது. டெல்நெட்லிப் எடைத் தராசோடு தொடர்புள்ள புரோகிராம்களில் வரும்: தராசை நெட்வொர்க் பெட்டி வழியாக இணைத்து எடையை நேராகப் படிக்கிற ஏற்பாடு. அதை சாக்கெட் வைத்து மாற்றி எழுதலாம். அதற்கு நேரமில்லை என்றால் 3.12-இலேயே இருங்கள். 3.12-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை உண்டு, அவசரமே இல்லை.

## அறிகுறி 3: ஓடுகிறது, பாதியில் நிற்கிறது

இந்த வகையில் வருகிற எரர்களில் சில மறுபடி மறுபடி வரும். எரரின் கடைசி வரியை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எக்செல் ஃபைலைத் திறக்கும்போது ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ் நாட் சப்போர்ட்டட்’ என்று வந்தால் காரணம் எக்ஸ்எல்ஆர்டி லைப்ரரி. 2020 டிசம்பரில் வந்த அதன் 2.0 வெர்ஷனிலிருந்து பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்களை மட்டும்தான் படிக்கும். ஓபன்பைஎக்செல்லை ஏற்றி, திறக்கும் வரியில் எஞ்சின் என்ற இடத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

‘டேட்டாஃபிரேமில் அப்பெண்ட் இல்லை’ என்றால் பாண்டாஸ் 2.0. அப்பெண்ட் இருந்த இடங்களில் கான்கேட் போட வேண்டும். நம்பை லைப்ரரியில் ‘ஃப்ளோட்’ இல்லை என்று வந்தால் அது 1.24-இல் நீக்கியது, முன்னால் இருக்கும் நம்பை பெயரை எடுத்துவிட்டு வெறும் ஃப்ளோட் போட்டால் சரியாகிவிடும். ‘டிடைப் சைஸ் சேஞ்ச்ட்’ என்றால் நம்பை ஒரு தலைமுறையிலும் பாண்டாஸ் வேறு தலைமுறையிலும் இருக்கிறது. இரண்டையும் நீக்கிவிட்டு ஒன்றாக ஏற்றுங்கள்.

இந்த நான்கும் லைப்ரரி சமாச்சாரம். பழைய பட்டியலில் இருந்த வெர்ஷன் புதுப் பைத்தானிலும் ஏறினால், அந்த எண்ணையே போட்டு ஏற்றி, கோடை மாற்றாமலும் பல நேரம் ஓட்டலாம்.

மொழியால் வருவது இரண்டு. கலெக்ஷன்ஸில் ‘மேப்பிங்’ இல்லை என்று வந்தால் 3.10-இல் அதைப் பழைய இடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள், இப்போது கலெக்ஷன்ஸ் டாட் ஏபிசி-க்குள் மட்டும்தான் இருக்கிறது. இம்போர்ட் வரியில் ஏபிசி சேர்த்தால் முடிந்தது. ‘ஃப்ளோட் கெனாட் பி இன்டர்ப்ரெட்டட் ஆஸ் அன் இன்டிஜர்’ என்று திரை வரையும்போதோ லேபிள் அடிக்கும்போதோ வந்தால் அதுவும் 3.10-தான். முன்பு 12.5 என்று கொடுத்தாலும் தானாக 12 ஆக்கிக்கொள்ளும், இப்போது மறுத்துவிடும். பைக்யூடி 5 (திரை ஜன்னல் வரையும் லைப்ரரி) வைத்து எழுதிய ஜன்னல்களில் இது நிறைய வரும். அந்தந்த இடத்தில் இன்ட் போட்டு முழு எண்ணாக்கிக் கொடுங்கள்.

## அறிகுறி 4: எரர் இல்லை, ஆனால் தொகை இடிக்கிறது

பைத்தான் 2-இலிருந்து 3-க்கு வந்த புரோகிராம் என்றால் இந்தப் பகுதியை அவசியம் முழுவதும் பாருங்கள். எரர் வராததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் தோட்டக்காரர் பில்லை நீட்டிக் கேட்கும்போதுதான் தெரியும். அப்போது கணக்கோடு சேர்ந்து நம்பிக்கையும் போயிருக்கும்.

### சில பில்களில் மட்டும் ஒரு ரூபாய் குறைகிறது

ரவுண்ட் ஃபங்ஷனைப் பாருங்கள். பைத்தான் 2-இல் 1250.50-ஐ ரவுண்ட் செய்தால் 1251. பைத்தான் 3-இல் 1250. சரியாக ஐம்பது காசு வந்தால் பக்கத்தில் இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போகும் என்பது பைத்தான் 3-இன் விதி. அதனால் 1251.50 இரண்டிலும் 1252 என்றே வரும், 1250.50 மட்டும் மாறும். எல்லா பில்லிலும் தப்பு வராமல் சிலவற்றில் மட்டும் வருவதற்கு இதுதான் காரணம்.

இது வெறும் ஒரு ரூபாய் விஷயம் இல்லை. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரியில் ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாயாக்க வேண்டும் என்கிறது. பைத்தான் 3-இன் ரவுண்டை அப்படியே விட்டால் சட்டத்துக்கு மாறாகப் போகும்.

சோதனை சுலபம். பைத்தானைத் திறந்து ரவுண்ட் என்று போட்டு அடைப்புக்குள் 2.5 கொடுங்கள். 2 என்று வந்தால் புது விதி. பணம் கணக்கிடும் இடங்களில் எல்லாம் டெசிமல் மாட்யூலைப் போட்டு, ‘ரவுண்ட் ஹாஃப் அப்’ முறையைச் சொல்லிவிடுங்கள். டெசிமலுக்குள் எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். ஃப்ளோட்டாகக் கொடுத்தால் 2.675 என்பது உள்ளே 2.67499 என்று போய் மறுபடி இடிக்கும்.

### மூட்டைக் கணக்கில் அரை மூட்டை வருகிறது

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பைத்தான் 2 பின்னத்தை விட்டுவிடும். 675 கிலோவை 50 கிலோ மூட்டைகளாக வகுத்தால் 13. பைத்தான் 3-இல் 13.5. மூட்டை ஒரு வரியிலும் மீதிச் சில்லறைக் கிலோ அடுத்த வரியிலும் கணக்கிடுகிற புரோகிராம் 13.5 மூட்டை, மீதி 25 கிலோ என்று காட்டும். இரண்டையும் கூட்டினால் 700 கிலோ. இல்லாத 25 கிலோவுக்கு லாரி வாடகையும் இ-வே பில்லும் போய்விடும். குமுளி வழியாக மாநிலம் தாண்டுகிற சரக்கில் எடை இடித்தால் பதில் சொல்வது சிரமம். பின்னம் வேண்டாத இடத்தில் ஒற்றைச் சாய்கோட்டை இரட்டைச் சாய்கோடாக்குங்கள். எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். சராசரி விலை போடுகிற இடத்தில் பின்னம் வேண்டும். அங்கே பழைய புரோகிராம்தான் தப்பாகக் காட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

### முதல் மொத்தம் சரி, இரண்டாவது மொத்தம் பூஜ்யம்

மேப், ஃபில்டர், ஜிப் மூன்றும் பைத்தான் 2-இல் பட்டியலையே கொடுத்தன. பைத்தான் 3-இல் ஒருமுறை படித்தால் தீர்ந்துபோகிற ஒன்றைக் கொடுக்கின்றன. கிலோவைக் கூட்டிவிட்டு அதையே இரண்டாம் முறை கூட்டினால் பூஜ்யம். அந்த வரியைச் சுற்றி லிஸ்ட் போட்டுவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

### காலி கட்டத்தில் ‘நாட் சப்போர்ட்டட் பிட்வீன்’ என்று எரர்

எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடும்போது வருவது. பைத்தான் 2 இதைக் கேள்வி கேட்காமல் ஏதோ ஒரு விடை கொடுத்தது. எடை எழுதாமல் விட்ட வரிகள் இத்தனை நாள் தப்பான இடத்தில் வரிசையாகி நின்றிருக்கும். இங்கே புது மொழி செய்வதே நல்லது. எரரை மூடி மறைக்காமல் அந்த வரியின் எடையைக் கேட்டு நிரப்புங்கள்.

### ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பெயர் வரிசை மாறுகிறது

‘செட்’ (ஒரே பெயர் இரண்டு முறை வராத தொகுப்பு) வைத்துப் பெயர் சேர்த்திருப்பார்கள். 3.3-இலிருந்து எழுத்துகள் உள்ள செட்டின் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறலாம். அச்சடிக்கும் முன் சார்ட்டட் போடுங்கள்.

### எல்லாம் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள

ஏற்கெனவே அடித்துக் கொடுத்து, ஆடிட்டரும் பார்த்து முடித்த ஒரு பழைய மாதத்தை எடுங்கள். அந்த மாதத்தின் எக்செல்லைப் புது மெஷினில் ஓட்டி, வந்த ஃபைலைப் பழைய ஃபைலோடு விண்டோஸின் எஃப்சி கமாண்டில் ஒப்பிடுங்கள். ஒரு வரி மாறியிருந்தாலும் ஏன் என்று தெரியும் வரை புது மெஷினில் பில் அடிக்க வேண்டாம்.

## அறிகுறி 5: தமிழ், மலையாளப் பெயர்கள் சிதைகின்றன

### ‘சார்மேப் கோடெக்’ என்று எரர், அல்லது பெயருக்குப் பதில் கிறுக்கலான ஐரோப்பிய எழுத்துகள்

ஃபைலைத் திறக்கும் வரியில் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) எழுதாமல் விட்டிருப்பார்கள். விண்டோஸில் பைத்தான் அப்போது சிஸ்டத்தின் பழைய குறியீட்டை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. திறக்கிற ஒவ்வொரு வரியிலும் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். எக்செல்லில் திறக்கப்போகிற சிஎஸ்வி என்றால் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுங்கள்.

3.15-இலிருந்து எழுதாமல் விட்டாலும் யூடிஎஃப்-8 என்றே எடுக்கும் என்று பெப் 686 முடிவு செய்திருக்கிறது (பெப் என்பது பைத்தானில் செய்யும் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்). நமக்கு நல்ல செய்திதான். ஆனால் பழைய குறியீட்டில் சேமித்த ஃபைல்கள் அப்போது திறக்காமல் நிற்கலாம். இப்போதே வெளிப்படையாக எழுதிவிட்டால் அன்றைக்கும் பிரச்சினை வராது.

### திரையில் ஒரே பெயர், ஆனால் இரண்டு கணக்காகப் பிரிகிறது

எல்லையில் இருக்கிற நமக்கென்றே வருகிற கோளாறு இது. மலையாளத்தில் ராஜன் என்று எழுதினால் கடைசியில் வருகிற சில்லெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 2008-இல் யூனிகோட் 5.1 வருவதற்கு முன் மெய்யும் சந்திரக்கலையும் ஒரு மறைவான இணைப்புக் குறியும் சேர்த்து எழுதினார்கள். அதற்குப் பின் தனி எழுத்தே வந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. தமிழிலும் கடைப் பெயர்களுக்கு முன்னால் வருகிற ‘ஸ்ரீ’க்கு இதே மாதிரி இரண்டு வழி உண்டு. ‘கொ’ போன்ற உயிர்மெய்யின் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் இதே கதைதான்.

கொம்பு, கால் தகராறை யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் சரிசெய்துவிடும். சில்லெழுத்தையும் ஸ்ரீயையும் அது ஒன்றாக்காது. அவற்றுக்கு ஒரு சின்ன மாற்றுப் பட்டியல் எழுதி, பெயர் உள்ளே வரும் இடத்திலேயே ஒரே வடிவமாக்கிவிட வேண்டும்.

### பாமினி ஃபான்டில் இருக்கிற பழைய ஃபைல்

பைத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், ஃபான்டு மட்டும் தமிழாகக் காட்டும். யூனிகோடுக்கு ஒருமுறை மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

## அறிகுறி 6: லைப்ரரியே ஏற மறுக்கிறது

‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14.0 வேண்டும்’ என்று கேட்டால் அந்தப் பெரிய தொகுப்பை டவுன்லோட் செய்து உட்காராதீர்கள். பெரும்பாலும் நீங்கள் ஏற்றியது மிகப் புதுப் பைத்தானாக இருக்கும். அதற்கான ஆயத்த வடிவத்தை லைப்ரரிக்காரர்கள் இன்னும் வெளியிட்டிருக்க மாட்டார்கள். ஒரு வெர்ஷன் குறைவாகப் போட்டாலே பெரும்பாலும் ஏறிவிடும். ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு புது வெர்ஷன் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு உண்டு. கடை மெஷினில் கடைசி வெர்ஷன்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு ஓடும் மெஷினில் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்’ என்று தடுத்தால், விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதற்குள் ஏற்றுங்கள். தடையை உடைக்கிற ஆப்ஷனைப் போட வேண்டாம். சிஸ்டத்தின் சொந்தப் பைத்தானே கெட்டுப்போகலாம்.

விண்டோஸ் 7 மெஷின் என்றால் 3.8-க்கு மேல் ஏறாது. அந்த 3.8-க்கும் ஆதரவு 2024-இல் முடிந்துவிட்டது. இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் பில் மட்டும் அடிப்பதானால் ஓட்டலாம்.

## அறிகுறி 7: எல்லாம் சரி, வார்னிங் மட்டும் வருகிறது

வேலை நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பைத்தானில் ஒன்றை நீக்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வெளியீடுகளிலாவது வார்னிங் காட்ட வேண்டும் என்பது பெப் 387-இன் விதி. இன்றைய வார்னிங், வரப்போகிற எரருக்கான முன்னறிவிப்பு. ஆனால் பல வார்னிங்குகள் இயல்பாக மறைந்தே இருக்கும். பைத்தானை ஹைபன், பெரிய டபிள்யூ, டீஃபால்ட் என்று கொடுத்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஓட்டி, வருவதை எல்லாம் ஃபைலில் சேமித்துப் பாருங்கள்.

‘இன்வேலிட் எஸ்கேப் சீக்வென்ஸ்’ என்று வருவது பெரும்பாலும் ஃபோல்டர் பாதையில். பின்சாய்கோட்டுக்குப் பிறகு ‘டேட்டா’வின் முதல் எழுத்தான சிறிய டி வந்தால் வார்னிங்கோடு போகும். அதே இடத்தில் சிறிய ‘என்’ எழுத்தில் தொடங்குகிற ஃபோல்டர் வந்தால் பைத்தான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு, ஃபைல் இல்லை என்று நின்றுவிடும். மேற்கோள் குறிக்கு முன் ஒரு ஆர் எழுத்துப் போட்டால் இரண்டுமே தீரும்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பைசி என்று முடிகிற ஃபைல்கள் மட்டும் இருந்து மூலக் கோடு இல்லையென்றால் நீங்களாக எதையும் முயலாதீர்கள். பழைய மெஷினை அப்படியே ஓடவிட்டு, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். புரோகிராம் இன்டர்நெட்டில் திறந்திருந்து, ஆதரவு முடிந்த வெர்ஷனில் ஓடினாலும் தள்ளிப்போடக் கூடாது. சி மொழியில் தனியாக எழுதிய பாகம் ஏதாவது இருந்தால் அதுவும் கைதேர்ந்தவர் வேலை.

அறிகுறி 4-இல் சொன்ன தப்பு, ஏற்கெனவே தாக்கல் செய்த ஜிஎஸ்டி கணக்குக்குள் போயிருந்தால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள், புரோகிராமரை அப்புறம் பார்க்கலாம்.

வருகிறவரிடம் பழைய வெர்ஷன் எண், பிப் பட்டியல், ஒரு நாள் சரக்கின் எக்செல், அன்று அடித்த சரியான பில் இந்த நான்கையும் கொடுங்கள். எந்தெந்த வரியை மாற்றினார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நான்கையும் பார்க்காமலே முழுசாக மாற்ற வேண்டும் என்று விலை சொல்கிறவராக இருந்தால், இன்னொருவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.